முடிச்சுக்கு எழுதிய விதிகள்

எங்கள் டிவி தொடரில் இளவரசனையும் அவனுடைய மெய்க்காவல் பெண்ணையும் ஒரு மந்திர நூல் முடிச்சு பிணைக்கிறது. அந்த முடிச்சுக்கு நான்கு விதிகள் வைத்தோம். இருவர் ரத்தமும் ஒரே நூலில் பட வேண்டும். வலி மட்டும் கடக்கும், எண்ணம் கடக்காது. ஒருவர் செத்தால் மற்றவர் சாகமாட்டார், ஆனால் அந்தச் சாவின் வலி முழுதும் இவருக்கு வந்து சேரும். அவிழ்க்க இருவரும் சம்மதிக்க வேண்டும்.

கதை அறையில் சண்டையெல்லாம் இரண்டாவது விதிக்குத்தான். எண்ணமும் கடக்கும் என்று வைத்தால் அரண்மனையில் சதி செய்ய ஆளே கிடைக்காது. மெய்க்காவல் பெண்ணின் மனதில் இருப்பது இளவரசனுக்குத் தெரிந்துவிட்டால், ராஜமாதா அவளை ஒற்றாக வைத்திருக்கும் கதை மறுநாளே முடிந்துவிடும். வலி மட்டும் என்றால் அதுவே ஆயுதம். இளவரசனின் சாப்பாட்டில் விஷம் வைக்க முடியவில்லையா? கீழே சமையற்கட்டில் அவள் கையை அடுப்பில் வைத்தால் போதும், மேலே கொலு மண்டபத்தில் தூதர்கள் முன்னால் அவன் துடிப்பான். வாசலில் எத்தனை காவல் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது.

விதி எழுதினால் கணக்கும் வைக்க வேண்டும். உதவி இயக்குநரின் கன்டினியூட்டி நோட்டில் ‘வலி’ என்று தனிப் பத்தி உண்டு: யாருக்கு அடி, இடதா வலதா, எந்த எபிசோடில் ஆறியது. ஒரு எபிசோட் 22 நிமிடம். இளவரசன் அடிபடுவதை ஒரு நாளும் அவள் துடிப்பதை இன்னொரு கால்ஷீட்டிலும் எடுப்போம். எடிட்டில் ஒரு சீன் முன்னே பின்னே போனால் அவனுக்கு வாள் படுவதற்குள் இவள் தோளைப் பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அதை விடவே மாட்டார்கள். நூல் நீலமாக மின்னும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸும் எபிசோடுக்கு மூன்று ஷாட்தான் கட்டுப்படியாகும். மற்ற இடத்தில் தம்புரா நரம்பு ஒரு தடவை அதிர்ந்தால் முடிச்சு இழுக்கிறது என்று பொருள். காசு இல்லாமல் வந்த யோசனைதான், ஆனால் நீல ஒளியைவிட அதுதான் நின்றது.

வியாழக்கிழமை டிஆர்பி பார்த்துவிட்டு சேனலிலிருந்து ஒரே வரி வந்தது: முடிச்சைக் காதலாக்குங்கள். நாங்கள் விதியைத் தொடவில்லை. அவன் காயத்துக்கு அவளே மருந்து கட்டுகிற சீனை எழுதினோம். கட்டி முடித்ததும் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்த ஷாட்டுக்கு லைட்டிங் ஆகிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணாக நடிப்பவர் சீன் பேப்பரோடு வந்து கேட்டார்.

“சார், இவ அவனை நெஜமாவே விரும்புறாளா, இல்ல முடிச்சு விரும்ப வைக்குதா?”

“அது அவளுக்கே தெரியாதும்மா.”

“அவளுக்குத் தெரியாட்டி பரவால்ல சார். நான் எங்க பார்க்கணும்? அவன் கண்ணையா, கையில இருக்கிற நூலையா?”

அதற்குள் ஷாட் ரெடி என்று குரல் கேட்டது. கண்ணைப் பார்த்தார். நன்றாகவும் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை இருந்திருக்க வேண்டும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே விடுவது கதையின் நேர்மை என்று எப்போதும் வாதாடுகிறேன். தீர்மானிக்கத் துணியாதவனும் அதையேதான் சொல்வான்.

வாதத்துக்கு வழக்கமாக எடுத்துப்போடுவது பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி காலத்து விஷ வழக்கை. 1679இல் பாரிஸில் அதற்கென்றே தனி நீதிமன்றம் போட்டார்கள். 442 பேர் மீது குற்றச்சாட்டு, 36 பேருக்கு மரண தண்டனை. வசிய மருந்தும் விஷமும் விற்ற லா வுவாஸான் என்ற பெண்ணை 1680 பிப்ரவரி 22 அன்று உயிரோடு எரித்தார்கள். அவள் மகள் வாக்குமூலத்தில் ராஜாவின் ஆசைநாயகி மோன்தெஸ்பான் பெயர் வந்தது. ராஜாவின் சாப்பாட்டில் பல வருஷமாக வசியப் பொடி கலந்தார்கள் என்றார்கள். அதன்பிறகு நடந்ததுதான் நல்ல திரைக்கதை. அந்தப் பெயரைச் சொன்னவர்களில் பலரை நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று, வழக்கே இல்லாமல் சிறையிலடைக்கும் ராஜாவின் முத்திரைக் கடிதத்திலேயே ஆயுள் முழுக்கக் கோட்டைகளில் பூட்டினார்கள். 1682இல் நீதிமன்றத்தையே மூடினார்கள். மோன்தெஸ்பான் 1691 வரை அரண்மனையில்தான் இருந்தார். வழக்கை விசாரித்த முன்னாள் போலீஸ் தலைவர் லா ரேனி இறந்த 1709இல் லூயி அந்தக் காகிதங்களை எரிக்கச் செய்தார். லா ரேனியின் சொந்தக் குறிப்புகள் தப்பியதால்தான் நமக்கு இவ்வளவும் தெரியும்.

அத்தனை வருஷம் மோன்தெஸ்பான் மேல் வைத்த ஆசை தன்னுடையதா, பொடியுடையதா என்ற கேள்வியைத்தான் லூயி எரித்தார் என்று கதை அறையில் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் இது கதை எழுதுகிறவன் ஆசைப்படுகிற விளக்கம். அவள் பெற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று ஊரறிய ஏற்றுக்கொண்டிருந்தார். அவர்கள் தாயைச் சூனியக்காரியாகக் கூண்டில் நிறுத்த எந்த ராஜா விடுவான்? ஒருவேளை அவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. அப்படியானால் என் வாதமும் பாதி போச்சு. சந்தேகம் பார்க்கிறவர்களுக்கு இருந்தால் போதும், பாத்திரத்துக்கு வேண்டாம் என்று ஆகிறது. அந்த நடிகையிடம் “உனக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது, கண்ணையே பாரு” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ராஜமாதா அவள் சம்மதம் கேட்காமல் கட்டிய நூலை நாமே மன்னித்த மாதிரி ஆகாதா?

இப்போது முடிச்சை அவிழ்க்கிற எபிசோட் எழுத வேண்டும். பௌர்ணமி, கோயில் குளம், இருவர் சம்மதம். அவிழ்த்த பிறகும் அவள் அரண்மனையில் இருந்தால் அது காதல்தான், கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்கிறார் எபிசோட் இயக்குநர். போக இடம் இல்லாததாலும் இருக்கலாமே என்றேன். அவள் ஊரை 12ஆம் எபிசோடிலேயே எரித்துவிட்டோம்.