அஞ்சுகம்

தம்பி மகளுக்குப் பெயர் தேடி வீடே மூன்று வாரமாக அல்லாடுகிறது. ஷ, ஹ, ஸ்ரீ எல்லாம் சுற்றி முடித்தாயிற்று. நேற்று நான் மெதுவாக "அஞ்சுகம்" என்றேன். எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர்.

"அஞ்சுகம்னா அஞ்சு சுகமாக்கா?" என்றான் தம்பி.

இல்லடா, கிளி! 'சுகம்' என்றால் கிளி, 'அம்' என்றால் அழகு. அழகிய கிளி. மதுரை மீனாட்சி கையில் இருக்கிறதே, அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையில் இருப்பதும் அதுதான். அந்தக் கிளியைத் தினமும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. வேறு எந்தப் பெயருக்கு இப்படி நாள்தோறும் ஓர் உருவம் பிறக்கிறது, சொல்லுங்கள்!

கலைஞரின் அம்மா பெயரும் அஞ்சுகம்தான். அந்தத் தலைமுறையில் ஊருக்கு ஒருவராவது இருந்திருப்பார்கள். இப்போது எந்த வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு இதில் பிடித்ததே அந்த 'ஞ்சு'தான். வாய் கொஞ்சாமல் சொல்லவே முடியாது. அப்புறம், சுருக்கிக் கூப்பிட 'அஞ்சு' தயாராக இருக்கிறது.

தம்பி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை தொட்டில் பக்கம் "அஞ்சும்மா" என்று ஒரு குரல் கேட்டது.