வாய்க்கால் ஓரத்தில் இரண்டு இரவு

அரையாண்டு விடுமுறைக்குத் தேனிப் பக்கம் போக நாங்கள் போட்ட முதல் பயணத் திட்டம் என் நோட்டில் இன்னும் இருக்கிறது. முதல் நாள் காலை போடிமெட்டு, மாலை மேகமலை. இரண்டாம் நாள் சுருளி. மூன்றாம் நாள் குமுளி போய்விட்டு மதுரை. மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது, கவினுக்கு இரண்டரை. இந்த வயதுப் பிள்ளைகளோடு அப்படி ஒரு திட்டம் போட்டது தவறு. அது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்ல மனம் வரவில்லை.

வண்டி எங்கள் கடை வண்டி. கணவர் மதுரை செல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பழுதான மோட்டார்களை ஏற்றி இறக்க வாங்கிய மாருதி ஆம்னி அது. 796 சிசி எஞ்சின். 2019-இல் அந்த மாடல் தயாரிப்பே நின்றுவிட்டது. சமவெளியில் சமர்த்தாக ஓடும். மலையில் பொறுமையாக ஏறும், நாமும் பொறுமையாக இருக்க வேண்டும். போடிமெட்டு ஏற்றத்தில் கவின் மூன்று முறை வாந்தி எடுத்தான். மூன்றாவது முறை என் மடியில். மேலே பனி மூடியிருந்தது, எதுவும் தெரியவில்லை. இறங்கி வந்து, சின்னமனூர் வழியாக மேகமலை அடிவாரச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி ஆறு இருபது. ஆறு மணிக்கு மேல் வண்டிகளை மேலே விட மாட்டார்கள். காவலர் பணிவாகத்தான் சொன்னார், விதியும் நியாயமானது. அந்தச் சாலை முழுக்கக் காடு. நேரம் பார்த்து வராதது நாங்கள்தான்.

இருட்டில் திரும்பி வந்தோம். உத்தமபாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில், கவினுக்குப் பால் சூடாக்க வண்டியை நிறுத்தினோம். ஐந்து நிமிடத்தில் டார்ச் வெளிச்சம் வந்தது. தோப்புக்காரப் பெரியவரும் அவர் மனைவியும். பெரியவர் பேச வாயெடுப்பதற்குள் அந்த அம்மா பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்.

“பச்சைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த இருட்டில் எங்கே போகப் போகிறாய், தாயி? வண்டியை உள்ளே விடச் சொல்.”

அன்றிரவு மோட்டார் அறைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. நாங்கள் நால்வரும் இருக்கைகளில் சுருண்டு படுத்தோம். விடியற்காலையில் பெரியவர் மோட்டாரைப் போட்டபோது என் கணவர் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். “பேரிங் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் காயில் கருகிவிடும்” என்றார். சின்னமனூரில் பேரிங் வாங்கி வந்து மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்தார். அதற்குள் பிள்ளைகள் இருவரும் தோப்பை ஒட்டிய வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். மாலை வரை கரையேறவில்லை. சுருளியையும் குமுளியையும் நாங்கள் யாருமே நினைக்கவில்லை.

சிறு பிள்ளைகளுக்குக் காட்சிமுனை வேண்டாம். அவர்கள் கைக்கு எட்டுகிற தண்ணீரும் மண்ணும், நேற்று விட்டுப்போன விளையாட்டை இன்று தொடர்வதற்கு அதே இடமும் இருந்தால் போதும். இதைப் புரிந்துகொண்ட பிறகு நாங்கள் வைத்திருக்கும் ஒரே விதி: ஒரே இடம், இரண்டு இரவு. மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் கிடையாது. போய்ச் சேரும்போது வெயில் இருக்க வேண்டும்.

சென்ற டிசம்பரில் அதே தோப்புக்கு, இந்த முறை முன்கூட்டியே போன் செய்துவிட்டு, போனோம். நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் கண்முன் வருகிறது. குமுளிக்கு அந்தப் பக்கம் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நம்மிடம் இருப்பது கடை வண்டி. தெருமுனைத் தச்சரிடம் இரண்டு பலகைகள் செய்து வாங்கினோம். பின் இருக்கையை மடித்துவிட்டு அதன்மேல் பலகைகளை வைத்தால் மட்டமாகக் கட்டில் ஆகிவிடும். மேலே இலவம்பஞ்சு மெத்தை, ஜமுக்காளம். பகலில் பலகைகள் பக்கவாட்டில் நிற்கும். வண்டியில் எதையும் அறுக்கவில்லை, ஒரு துளைகூடப் போடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி வண்டியின் அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. இருக்கையைக் கழற்றிவிட்டு அலமாரி அடிக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் செய்யாதீர்கள் என்பதுதான்.

நானும் பிள்ளைகளும் வண்டிக்குள். கணவர் வெளியே சிறிய கூடாரத்தில், அடியில் தார்ப்பாய் விரித்து. தென்னை மரத்தடியில் மட்டும் படுக்கை போடக் கூடாது. மட்டையோ தேங்காயோ எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவரே அளந்து, மரங்களிலிருந்து விலகி, மோட்டார் அறை வாசலில் இடம் காட்டினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய பன்னீர் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்ததும் யாழினி ஓடினாள். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். “நேற்றுதான் மருந்து அடித்திருக்கிறோம், பாப்பா. நான்கு நாள் உள்ளே போகக் கூடாது.” வேறொரு பந்தலில் அறுத்து வைத்திருந்ததை அந்த அம்மா உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து தந்தார்.

சமையலைப் பெரிதாக்கவில்லை. முதல் நாளைக்கு வீட்டிலிருந்தே பொடி தடவிய இட்லியும் புளியோதரையும். மறுநாளுக்கு அரிசி, பருப்பு, பெரியவர் தோட்டத்துக் கத்திரிக்காய். ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் எடுத்துப் போனோம். ஆனால் வண்டிக்குள் ஒருபோதும் பற்ற வைப்பதில்லை. மழை பெய்தாலும் மோட்டார் அறைத் தாழ்வாரத்தில்தான் அடுப்பு. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனில் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்கும் பிள்ளை அழுது நம்மை எழுப்பும் என்று நம்பிவிட முடியாது. இரண்டு பக்க ஜன்னலையும் நான்கு விரல் திறந்து, வெளியிலிருந்து கொசுவலைத் துணியை ஒட்டியிருந்தோம். அதுவே போதும், குளிர் அளவாகத்தான் இருந்தது.

கவினுக்கு இரவில் கழிப்பறை பெரிய பிரச்சினை. வீட்டில் பழகிய அவனுடைய பிளாஸ்டிக் இருக்கையையே எடுத்துப் போனேன். புதிய இடத்தில் பழைய பொருள் ஒன்று இருந்தால் பிள்ளைகள் பாதி அமைதியாகிவிடுகிறார்கள். காலையில் செருப்பை உதறிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பது, இருட்டில் டார்ச் இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதது, இரண்டையும் யாழினிக்கு விளையாட்டாகவே பழக்கினோம். தோப்பு என்றால் பாம்பு இருக்கும். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வரும் வழியிலேயே கணக்குப் பார்த்து வைத்திருந்தோம்.

காட்டுக்குள் போய்க் கூடாரம் போடுகிற ஆசை எங்களுக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021-இலிருந்து புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்குவது சட்டப்படியும் தவறு, யானைகளுக்கும் தொந்தரவு. இன்னொன்றும் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போன இளைஞர்களும் பெண்களும் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. மார்ச் மாதத்தில் காய்ந்து கிடக்கும் போதைப்புல் என்கிற மலைப்புல் எப்படிப் பற்றும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தோப்பில்கூட நாங்கள் தீ மூட்டிக் குளிர்காயவில்லை. யாழினி கேட்டாள், மறுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் வாய்க்கால்தான். காய்ந்து விழுந்த தென்னம்பாளை ஒன்று கிடைத்தது, படகு மாதிரியே வளைந்து, இரு முனையும் கூராக. யாழினி அதில் ஐந்து குரும்பைகளை வரிசையாக உட்கார வைத்தாள். முதலாவது டிரைவர், கடைசியில் இருப்பது பாட்டி. மேலே அவள் விடுவாள், பத்தடி தள்ளிக் கீழே கவின் பிடிப்பான். பிடித்ததும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பான், பாட்டி தண்ணீரில் விழுவாள், இருவரும் கத்துவார்கள். பிறகு மறுபடியும். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. என் கால்கள் முழு நேரமும் தண்ணீரில் இருந்தன, கவினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். மடை திறந்தால் தண்ணீர் சட்டென்று கூடும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். பெரியவர்களில் ஒருவர் கரையில் அல்ல, தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

மதியம் யாழினி கேட்டாள். “இந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது?”

பெரியவர் மேற்கே மலையைக் காட்டினார். மேற்குப் பக்கம் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் பென்னிகுயிக் என்ற வெள்ளைக்காரர் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்ட கதையைச் சொன்னார். 1895-இல் முடிந்த அணை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைவது அதனால்தான் என்று சொன்னபோது, அந்த ஏழு ஏக்கரையும் விடாமல் அழுத்திச் சொன்னார். பிறகு யாழினியைப் பார்த்து, “இங்கே பாய்ந்தது போக மீதி வைகை அணைக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது” என்றார். அவள் நம்பவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகு, படகைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள் எங்கள் தெருவுக்குக் குடிநீர் விடும் முறை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு நான் எழுந்தபோது யாழினியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். குழாய் முதலில் காற்றை இருமியது, பிறகு தண்ணீர் வந்தது. அவள் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தாள்.

“அம்மா, அங்கே இருந்த மாதிரி குளிர்ச்சியாக இல்லையே.”

உள்ளே படுத்திருந்த அவள் அப்பா பதில் சொன்னார். “நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறது இல்லையா, பாப்பா.”

அவள் குடத்தை நகர்த்திவிட்டு, இன்னொரு கையையும் நீட்டினாள்.