லேசிக் செய்த கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் பொருத்திய அனுபவம்

கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் கருவிழியைச் செதுக்கும் லேசிக் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து என் வலது கருவிழி பிதுங்கத் தொடங்கியது. இதை எக்டேசியா என்கிறார்கள். லேசர் செதுக்கியதில் மெலிந்துபோன கருவிழி, தன் உறுதியை இழந்து முன்பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் ஒற்றை விளக்கு மூன்றாகத் தெரிந்தது. எந்தப் பவரில் கண்ணாடி போட்டாலும் எழுத்துக்கு நிழல் விழுந்தது. கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ் லிங்கிங் சிகிச்சைக்குப் பிறகு பிதுக்கம் நின்றது, பார்வை தெளியவில்லை. அதற்கு லென்ஸ்தான் வழி என்றார் மருத்துவர்.

முதலில் போன இடத்தில் பவரை மட்டும் அளந்து சாதாரண மென்லென்ஸைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் பார்வை மாறியது. கிட்டப்பார்வைக்கான லேசிக், கருவிழியின் நடுப்பகுதியைத் தட்டையாக்குகிறது. ஓரமோ பழைய வளைவிலேயே நிற்கிறது. வழக்கமான லென்ஸ் இதற்கு நேர்மாறான வடிவமுள்ள கண்ணுக்கென்று செய்யப்பட்டது. எனக்குக் கீழ்ப்பக்கப் பிதுக்கம் வேறு. கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டர் கருவி பார்ப்பது நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வட்டத்தைத்தான். கருவிழியின் மேடுபள்ளம் முழுவதையும் காட்டும் டோபோகிராபி எடுக்காமல் இப்படிப்பட்ட கண்ணுக்கு லென்ஸ் தருவது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது.

அடுத்து பார்த்த ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வை அளந்து லென்ஸ் பொருத்துபவர்) ஸ்கிளீரல் லென்ஸைப் பரிந்துரைத்தார். அது கருவிழியைத் தொடாமல் வளைந்து தாண்டி, வெண்விழியில் உட்காருகிறது. இடையில் நிற்கும் சலைன் என்ற உப்புநீர்தான் மேடுபள்ளத்தை நிரவுகிறது.

இதைப் போடக் குனிந்து, முகம் தரையைப் பார்க்க, சலைன் நிரம்பிய லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். சிறு குமிழி உள்ளே புகுந்தாலும் கழற்றி மறுபடி போட வேண்டும். சலைனில் ஃப்ளோரெசின் சாயத்தைக் கலந்து, நீல ஒளியில் அவர் பார்த்தபோது நீர்ப்படலம் பச்சையாக ஒளிர்ந்தது. அந்தப் பச்சைப் பட்டையின் தடிமனை லென்ஸின் தடிமனோடு ஒப்பிட்டு இடைவெளியைக் கணித்தார். போட்டவுடன் இடைவெளி 300 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால், லென்ஸ் அமுங்கி, சில மணி நேரத்தில் அதில் ஏறத்தாழ 100 மைக்ரான் குறைந்துவிடலாம் என்றார். என்னைக் காத்திருக்க வைத்து மாலையில் மறுபடி பார்த்தார். ஒரு பக்கம் லென்ஸின் விளிம்பு அழுத்தி, வெண்விழியின் ரத்த நாளங்கள் வெளிறியிருந்தன. அந்த விளிம்பை மட்டும் மாற்றி வேறு லென்ஸ் செய்யச் சொன்னார்.

புது லென்ஸில் விளக்கு ஒன்றாகவே தெரிந்தது. பிற்பகலில் உள்ளே இருக்கும் நீர் கலங்கிப் பார்வை மங்குவது உண்டு. கழற்றிப் புது சலைன் நிரப்பினால் சரியாகிறது. கெடாமல் வைக்கும் பதப்பொருள் சேராத சலைன் மட்டுமே ஆகும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. கழற்றும்போது ரப்பர் உறிஞ்சியை நடுவில் வைக்காமல் விளிம்பருகே வைத்து இழுக்க வேண்டும்.

லென்ஸ் பார்க்கப் போகிறவர்கள் லேசிக்குக்கு முன் எடுத்த அளவுகளைத் தேடிக் கையோடு கொண்டுபோங்கள். பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு "பொருந்திவிட்டது" என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.