நல்லதா கெட்டதா என்று கேட்டார்

"அப்ப இது நல்லதா கெட்டதா மேடம்?" என்று அவர் கேட்டார். "நல்லதுதான்" என்றேன்.

அவருடைய மனைவி கர்ப்பிணி, பீட்டா தலசீமியா கேரியர். அதாவது ஹீமோகுளோபினுக்கான பீட்டா குளோபின் ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. கணவருக்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி ஓட்டினால் ஏ2 வகை 3.6 சதவீதம், கருவில் இருக்கும் எஃப் வகை 2.4 சதவீதம், இரண்டும் கொஞ்சம் கூடுதல். கேரியர் என்றால் சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 65, 70 என்று இறங்கியிருக்க வேண்டும், இவருக்கு 81. இரண்டுங்கெட்டான் ரிப்போர்ட். ஜீன் சோதனைக்கு அனுப்பினோம். பீட்டா குளோபின் ஜீன் சுத்தமாக இருந்தது. கேஎல்எஃப்1 ஜீனில்தான் ஒரு பிரதி வேலை செய்யவில்லை.

வளரும் சிவப்பணுவில் கேஎல்எஃப்1 புரதம், பீட்டா குளோபின் ஜீனுக்கு முன்னால் உள்ள சிஏசிசிசி என்ற எழுத்துக் கோவையில் ஒட்டி அந்த ஜீனை முடுக்கிவிடும். பிசிஎல்11ஏ என்ற இன்னொரு காரணியையும் தூண்டும். எஃப் வகைக்காகக் கருவில் ஓடிய காமா குளோபின் ஜீனை அடக்கிவைப்பது இந்த பிசிஎல்11ஏ. கேஎல்எஃப்1 பாதியானால் அந்தப் பிடி தளர்ந்து, எஃப் கொஞ்சம் தங்கிவிடும். அவரிடம், "மேஸ்திரி அரை நாள்தான் வர்றார், அதனால பழைய ஆளும் கொஞ்சம் வேலை பார்க்கிறார்" என்று சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு பேரும் கேரியர் என்றால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடும் சோகை வரலாம் என்று பயந்து வந்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை என்றாகிவிட்டது. எஃப் கூடினால் தலசீமியாவும் சிக்கிள் செல் என்ற ரத்த நோயும் தணியும். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சையில், பிசிஎல்11ஏ ஜீனைத் தூண்டும் பகுதியில் காட்டா1 என்ற காரணி ஒட்டும் இடத்தை வெட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதில் ஒரு துளி இவருக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. வேறென்ன சொல்வது?

ஆனால் கிளம்பும்போது அவர், தங்கைக்கு மாமா பையனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றார். இந்த கேஎல்எஃப்1 பழுது அம்மா வழியில் வந்ததா, அப்பா வழியில் வந்ததா என்று தெரியாது. அம்மா வழி என்றால் தங்கைக்கும் மாமா பையனுக்கும் இருக்கலாம். இரண்டு பிரதியும் முழுசாகச் செயலிழந்த குழந்தைக்குக் கருவிலேயே கடும் சோகை வந்து, உடலில் நீர் கோத்துக்கொள்ளும். "ரெண்டு பேருக்கும் முதல்ல டெஸ்ட் எடுத்துடுங்க" என்றேன்.

"நீங்கதானே மேடம் நல்லதுன்னு சொன்னீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் திரும்பவும் விளக்கினேன், நீளமாகவே. தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

பெரிய டாக்டர், "பயந்து வந்தவங்ககிட்ட வேற எப்படிப் பேசுவீங்க, விடுங்க" என்றார். சரிதான். இன்னொரு தம்பதி அப்படி வந்து உட்கார்ந்தால் நானும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அப்புறம் இவருடைய மனைவி ஞாபகத்துக்கு வருகிறார். அவருக்கும் ஒரு பிரதிதான் பழுது, அவரும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். அவரை மட்டும் கேரியர் என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தோம்.