மச்சானுக்கு ஒரு நாய்

டெக்சாஸில் இருக்கும் மச்சானுக்குக் காடை வேட்டைக்கும் வாத்து வேட்டைக்கும் சேர்த்து ஒரே நாய் வேண்டுமாம். "மாப்ளே, நம்ம கன்னி சரிப்படுமால?" என்று கேட்கிறான்.

சரிப்படாது. நம்மூர் வேட்டை நாய்களான கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டுகிற சாதி. முயல் ஓடினால் பின்னாலேயே பறக்கும். புல்லுக்குள் பதுங்கிய காடையை மோப்பம் பிடித்து, முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்பது பாயின்டர் வேலை. தண்ணீரில் விழுந்த வாத்தைப் பல் பதியாமல் கவ்வி வர லாப்ரடார்தான்: விரலிடையில் சவ்வு, எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமம். கன்னியின் மெல்லிய முடி அந்தத் தண்ணீரின் குளிரைத் தாங்குமா?

இரண்டு வேலைக்கும் என்றால் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர். வாத்துதான் அதிகம் என்றால் யோசிக்காமல் லாப்ரடார்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு நம்மூர்க்காரர் யாரும் கிளம்பிவிடாதீர்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து வாத்து மேல் கை வைத்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளேதான்!