வேனின் கதவுகளில் துருவால் ஒரு நதி

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் துருவைக் கண்டாலே சுரண்டக் கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான். அடித்தளத்திலோ சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலோ ஒரு பொட்டு தெரிந்தால்கூட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. அதே வேனின் உட்புறத்தில், முன்கதவில் தொடங்கிப் பின்பக்கம் வரை, துருவாலேயே ஒரு நதியை வரைந்து வைத்திருக்கிறேன். வண்டியைத் தாங்கும் இரும்பில் துரு வரவே கூடாது. எதையும் தாங்காத ஒரு தகட்டில், நமக்கு வேண்டிய இடத்தில் வந்து, வேண்டிய நேரத்தில் நிற்கும் துரு என்றால், இரும்புக்கு அதைவிட அழகான வண்ணம் எனக்குத் தெரியாது.

என்னுடையது 1960களின் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வேன். இந்த வகை வண்டிகளில் கதவின் உட்பக்கத்தை மூடியிருப்பது வினைல் ஒட்டிய ஹார்ட்போர்டு. கண்ணாடியின் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர், அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். போர்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்துவிட்டால் அந்த ஈரம் போர்டில் ஏறும். போர்டு ஊதி, நெளிந்து, கிளிப் மாட்டும் ஓட்டைகள் பிய்ந்துபோகும். என் வேனில் எல்லாக் கதவுகளிலும் அதுதான் நடந்திருந்தது. பழைய போர்டையே அளவாக வைத்து இரும்புத் தகடு வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

தகட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. அலுமினியம் துருப்பிடிக்காது, காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் துத்தநாகம் பூசிய தகட்டிலும் காந்தம் ஒட்டும். அந்தப் பூச்சு இருக்கும்வரை துரு சரியாக ஏறாது. பூச்சில்லாத, சாதாரண மைல்ட் ஸ்டீல் தகடுதான் இதற்கு வேண்டும். நான் எடுத்தது 0.8 மில்லிமீட்டர் கனம். 1 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ வரும், பழைய கதவுக் கீல்களுக்கு அந்தச் சுமை தேவையில்லை. உங்கள் வண்டியின் உட்பேனலே இரும்பாக இருந்து, அதன் பெயிண்டைத் தேய்த்தெடுத்து வரையலாம் என்று நினைத்தால் ஒரு விஷயம்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் தேய்த்து அந்தத் தூளைச் சுவாசிக்காதீர்கள். எனக்குக் கேட்டால், அந்தப் பேனலைத் தொடாமல் தனித் தகட்டில் வரைவதே மேல். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், வண்டி பழையபடியே இருக்கும்.

தகட்டில் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் இருக்கும். அது போக வேண்டும். தின்னரில் துடைத்து, சாண்ட்பேப்பரால் ஒரே திசையில் தேய்த்து, மறுபடி துடைத்து, அப்புறம் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. விரல் ரேகைகூடத் துருவில் தெரியும்.

கலவை பலருக்கும் தெரிந்ததுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், வினிகர் 60 மில்லி, உப்பு அரை மேசைக்கரண்டி. முதலில் வெறும் வினிகரைத் தெளித்துக் காயவிட்டால் தகட்டின் மேற்பரப்பு லேசாக அரிக்கப்பட்டுத் தயாராகும். அதன்மேல் கலவையைத் தெளித்தால், சூடான தகடாக இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரைத்து ஆரஞ்சு நிறம் ஏறும். பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கிறது, வினிகர் மேற்பரப்பைத் திறந்துவிடுகிறது, உப்பு தண்ணீரில் மின்னோட்டம் போக வழி செய்கிறது. இந்தக் கலவையை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம். தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். பிளீச் பக்கத்தில்கூட வரக்கூடாது. வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வேலை திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான்.

ஸ்டென்சில் வெட்டி ஒட்டித் தெளித்தால் படம் வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வரும், ஆனால் ஓரம் கூர்மையாக வராது. திரவம் ஸ்டிக்கருக்கு அடியில் மெல்ல நுழையும், துருவும் பின்னாலேயே போகும். எழுத்தோ வட்டமோ வரைய நினைப்பவருக்கு இது தலைவலி. எனக்கு இதுதான் பிடித்த இடம். கோடு எங்கே வர வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும், எவ்வளவு நேரத்தில் காயும் என்று யோசித்தால் துரு கைக்கு வந்துவிடுகிறது. நதியைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். தகட்டைச் சாய்த்து வைத்து மேல்முனையில் கலவையைச் சொட்டவிட்டேன். அது தானாகப் பிரிந்து, சேர்ந்து, கிளை விட்டு இறங்கியது. நான் செய்ததெல்லாம் சாய்வை மாற்றியதும், போகக்கூடாத இடத்தில் மெழுகு தடவியதும்தான். மெழுகு தடவிய இடங்கள் வெள்ளிபோலப் பளபளப்பாக நின்று நதியின் திட்டுகளாகிவிட்டன.

துளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர்த் துளி ஒன்றை இரும்பில் விட்டுப் பார்த்தால், துரு துளி முழுக்கச் சமமாக வராது, வளையமாக வரும். யூலிக் எவான்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதை விளக்கினார்; இன்றும் இதை எவான்ஸ் துளி என்றுதான் சொல்கிறார்கள். துளியின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் போய்ச் சேரும், நடுப்பகுதிக்குக் குறைவாகவே போகும். ஆக்சிஜன் குறைந்த நடுவில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு வெளிப்பக்கமாக நகர்ந்து, ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் துருவாகப் படிகிறது. இது புரிந்தபின் என் வேலையே மாறிப்போனது. மென்மையான சீரான நிறம் வேண்டுமா, பனிபோல நுண்ணிய தெளிப்பு. நதிக்கரையில் கூழாங்கற்கள் வேண்டுமா, சொட்டு மருந்து பாட்டிலால் பெரிய துளிகள். அவற்றை ஆட்டாமல் அசைக்காமல் காயவிட வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் தானாகவே விளிம்பு வந்துவிடும். தூரிகையால் எத்தனை முயன்றாலும் அப்படி ஒரு விளிம்பை என்னால் போட முடியாது.

நிறங்கள் ஆரஞ்சோடு முடிவதில்லை. புதிதாக வந்த துரு பளிச்சென்று இருக்கும். நனைத்துக் காயவைக்கக் காயவைக்கப் பழுப்பாக ஆழும். கறுப்புக்கு இரண்டு வழி. ஒன்று, துரு மாற்றி என்று விற்கும் டானின் அமில, பாஸ்பாரிக் அமிலக் கரைசல்கள். துருவைத் தடுக்கத்தான் அவை வந்தன, ஆனால் மெல்லிய தூரிகையால் துருவின்மேல் இழுத்தால் நீலம் கலந்த கறுப்புக் கோடு கிடைக்கும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: இலைகள். துவர்ப்பு தரும் டானின் என்ற பொருள் நிறைந்த பச்சை இலையை நனைத்துத் தகட்டில் அழுத்தி, மேலே கண்ணாடித் துண்டு வைத்து விட்டுவிட்டால், இலையிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து நரம்போடு கருமையாகப் பதியும். பழைய காலத்தில் இரும்பு உப்பையும் கடுக்காய் போன்றவற்றையும் சேர்த்து மை செய்தது இதே வேதியியலால்தான். பின்கதவுப் பேனலில் நதி அகன்று முடியும் இடம் முழுக்க இப்படிப் பதிந்த இலைகள்தான்.

அப்புறம் நிறுத்துவது. இங்கேதான் முழுப் பொறுமையும் வேண்டும். உப்பு ஒரு துளி மிச்சமிருந்தாலும் பூச்சுக்கு அடியில் துரு தொடர்ந்து வளரும்; துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள் என்பதால் பூச்சை மேலே தூக்கிவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் மறுபடி மறுபடி அலசி, உடனே சூடான காற்றில் காயவைக்க வேண்டும். ஒட்டாத தூள் இந்தக் கட்டத்திலேயே போய்விடும், போகட்டும். மிஞ்சுவதுதான் படம். லாக்கர் என்னும் நிறமற்ற காப்புப் பூச்சை, பளபளக்காத மேட் வகையில், மெல்லியதாகப் பல தடவை அடித்தேன். பூச்சு ஏறியதும் துரு நனைந்ததுபோல இருண்டுவிடும் என்பதை முன்பே கணக்கில் வைத்து, வேண்டியதைவிட ஒரு படி வெளிறிய நிலையிலேயே நிறுத்த வேண்டும். தகடு வெட்டிய மிச்சத் துண்டுகளைத் தூக்கிப்போடாமல் இதைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சிலர் லாக்கருக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் தடவுகிறார்கள், நிறம் அருமையாக இருக்கும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும். வண்டிக்குள் உடை உரசும் இடம் என்பதால் நான் லாக்கரோடு நின்றுகொண்டேன்.

மாட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டின் பின்பக்கம் முழுக்கத் துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர். கதவுக்குப் புதிய பிளாஸ்டிக் தாள். திருகுகளுக்கு நைலான் வாஷர், தகடும் கதவும் நேராக உரசாமல் இருக்க ஓரமெல்லாம் ஃபெல்ட் பட்டை. அதனால் கடகட சத்தமும் இல்லை. வெட்டிய விளிம்புகளை அரத்தால் மழுங்கடிக்காமல் மாட்டாதீர்கள், கை கிழியும். கைப்பிடியைச் சுற்றி மட்டும் லாக்கர் கூடுதலாக அடித்திருக்கிறேன், தினமும் வியர்வைக் கை படும் இடம் அது.

பார்த்தவர்கள் எல்லோரும் டேஷ்போர்டையும் இப்படிச் செய்யலாமே என்கிறார்கள். அது வண்டியோடு வந்த இரும்பு, தொழிற்சாலைப் பெயிண்ட் இன்னும் உரியாமல் இருக்கிறது. அதைத் தேய்க்க எனக்கு மனசு வராது. அடுத்து வரையப்போவது கூரையின் உள்மூடிக்கு வெட்டி வைத்திருக்கும் தகட்டில். படுக்கவைத்தே வேலை செய்ய வேண்டிய தகடு, சாய்க்க வழியில்லை. அதனால் இந்தத் தடவை ஓடும் தண்ணீர் கிடையாது, முழுக்க முழுக்கத் துளிகள்தான்.