ஒருமுறை "அவர்கள்" என்று சொன்னேன்

திருகோணமலையில் மீனவர் சங்கங்கள் சில சேர்ந்து நடத்திய ஓர் அமைப்பில் ஒன்பது வருடம் கள உத்தியோகத்தராக இருந்தேன். பதவியின் பெயர்தான் கள உத்தியோகத்தர், செய்தது மனு எழுதும் வேலை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் மேற்குக் கரையிலிருந்து வந்து, எங்கள் மணலில் வாடி என்ற தற்காலிகக் கொட்டில் போட்டுத் தொழில் செய்யும் படகுகளைப் பற்றி ஒரு மனு. வலை காயப்போட்ட மணலில் ஹோட்டல் வேலி வந்தால் இன்னொன்று. யுத்த காலத்தில் பாஸ் எடுத்து, நேரம் பார்த்துக் கடலுக்குப் போன மனிதர்களுக்கு, யுத்தம் முடிந்த பிறகும் மூடியே கிடந்த கரைகளைப் பற்றி வேறொன்று. எல்லா மனுவும் "நாங்கள்" என்றுதான் தொடங்கும். நான் ஒரு நாளும் வலை இழுத்தவள் அல்ல. அப்பா மீன் ஏலம் கூறியவர், அவ்வளவுதான் உறவு. இருந்தும் அந்தச் சொல் எனக்குக் கூச்சமில்லாமல் வந்தது.

ஒரு விடயத்தை மட்டும் நான் எந்த மனுவிலும் எழுதவில்லை. அதிகாலையில் கரையில் நிற்கும்போது தூரத்தில் 'தொம்' என்று ஓர் ஓசை வரும். இடி மாதிரி உருளாது, ஒரே அடி. அது வந்ததும் பேச்சு ஒரு கணம் நிற்கும். பிறகு யாராவது ஐஸ் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள்.

டைனமைட். கல்குவாரியில் பாறை பிளக்க வேண்டிய மருந்து கைமாறிக் கடலுக்கு வரும். மீன் கூட்டத்தின் நடுவே வெடிக்கும்போது மீனின் காற்றுப்பை கிழிந்துவிடுகிறது. மிதப்பதை அள்ளுவார்கள், அதைவிட அதிகம் அடியில் போய்க் கிடந்து அழுகும். பவளப்பாறை நொறுங்கினால் அந்த இடத்தில் மீன் மறுபடி அடைய எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. சந்தையில் மீன் விற்கும் பெண்களை ஏமாற்ற முடியாது. வயிற்றை அமர்த்திப் பார்த்து, முள் சதையை விட்டு விலகியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் மலிவாக வாங்கி ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு முள்ளைப் பற்றி என்ன கவலை? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் இதைத் தடைசெய்கிறது. சட்டம் அரசாங்கக் கச்சேரியில் இருக்கிறது, கடலில் இல்லை. ஒரு கை இல்லாத மனிதரைக் கண்டால் வெளியூர்க்காரர் யுத்தம் என்று நினைத்துக்கொள்வார். சிலருக்கு அது யுத்தம் அல்ல. எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

நிர்வாகக் கூட்டங்களில் ஏழு முறை இதை எடுத்தேன். ஏழு முறையும் அறிக்கைப் புத்தகத்தில் "பொது விடயங்கள் கலந்துரையாடப்பட்டன" என்று பதியப்பட்டது. பதிந்ததும் நான்தான்.

பிறகு மாவட்ட மட்டக் கூட்டம் ஒன்று. வெளிமாவட்டப் படகுகளைப் பற்றிப் பேசத்தான் என்னை அனுப்பினார்கள். நான் பேசி முடித்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் அதிகாரி, "உங்கள் ஆட்கள் எல்லாரும் ஒழுங்கோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவா, ஏழு முறை எழுதிய அந்த வரிக்காகவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "இல்லை. எங்கள் மீனவர்களிலும் டைனமைட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடியுங்கள். மூன்று இனத்திலும் இருக்கிறார்கள்" என்றேன். பின்வரிசையில் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. நான் சொன்னதில் பாதிதான் அதில் இருந்தது. அடுத்த மாதம் எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது: முதலில் உங்கள் உறுப்பினர்களைத் திருத்துங்கள். வெளிப்படகுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் வலித்தது. உண்மையைச் சொன்னேன், அதை எடுத்து எங்கள் கோரிக்கையின் மேலேயே வைத்து அமுக்கிவிட்டார்கள்.

அலுவலகத்தில், "வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டலாமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் இன்றும் மதிப்பதில்லை. வீட்டுக்குள் கொட்ட ஏழு முறை இடம் கேட்டவள் நான். ஒரு சங்கம் எங்கள் அமைப்பை விட்டே விலகியது. விலகியவர்களில் வெடி போடாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வந்த கோபத்தை மட்டும் என்னால் தட்டிவிட முடியவில்லை.

உப்புவெளிக்கு வடக்கே கரைவலைச் சம்மாட்டி ஒருவர் இருந்தார், கரையில் நின்று ஆட்கள் இழுக்கும் பெரிய வலையின் சொந்தக்காரர், எழுபது தாண்டியவர். திட்டட்டும் என்று நானே போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"நீ சொன்னதில் பொய் இல்லை, பிள்ளை. ஒன்பது வருடம் 'நாங்கள்' என்று எழுதின கை. அடி விழுகிற இடத்தில் மட்டும் 'அவர்கள்' என்று சொல்லிவிட்டாய்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "நீங்கள் மட்டும் என்ன ஐயா செய்தீர்கள்? உங்கள் வலையின் மடிதானே வெறுமையாக வருகிறது? ஒரு நாளாவது பொலிசுக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டேன். அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "சொன்னால் அடுத்த நாள் என் வலையை யார் இழுப்பது?" என்றார். இருவரும் அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாது என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. ஆனால் "நாங்கள் டைனமைட் போடுகிறோம், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பத்திரிகைத் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று பல இரவுகள் எழுதிப் பார்த்திருக்கிறேன். இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும். சம்மாட்டிக்கு மட்டும் வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

வேலையை விடுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு காலை அதே கரையில் நின்றேன். கரைவலையின் இரண்டு கயிறுகளும் பாதி ஏறியிருந்தன. வடக்கே 'தொம்' என்றது. பேச்சு நின்றது. ஐஸ் விலைக்காக நான் காத்திருந்தேன்.

"கேட்டதா, பிள்ளை?" என்றார் சம்மாட்டி, கயிற்றில் நின்ற பதினெட்டுப் பேருக்கும் கேட்கும்படி.